தெரியாததை எழுதாத அக்கா

அந்த அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பதென்றால் எனக்கு அரை நாள் போய்விடும்.

ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் பக்கத்தில் நான் கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி அடிப்பது, இணையத்தில் விண்ணப்பம் நிரப்புவது, அரசாங்கக் கந்தோர்களுக்குக் கடிதம் ரைப் பண்ணிக் கொடுப்பது எல்லாம் என் வேலை. எழுவைதீவிலிருந்து காலைப் படகில் வந்து இறங்குகிற சனம் முதலில் என் கடைக்குத்தான் வரும். மற்றவர்கள், "பிள்ளை, நீரே பாத்து எழுதி வையும்" என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போய்விடுவார்கள். அக்கா போகமாட்டார். கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, நான் ரைப் பண்ணுகிற ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்பார். உண்மைக்கு ஒரு சொல் கூடினாலும் நிறுத்திவிடுவார்.

முதல்தடவை அவர் வந்தது மகளின் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் எழுத. மகள் சங்கவி அப்போது ஊர்காவற்றுறையில் உயர்தரம் படிக்கத் தொடங்கியிருந்தாள். தினமும் படகில் வந்து போகிறவள் மூன்று நாள் வரவில்லை. வகுப்பாசிரியை காரணம் கேட்டிருந்தார். நான் வழமைபோல, 'கடுமையான காய்ச்சல் காரணமாக' என்று தொடங்கினேன்.

"காய்ச்சல் இல்லை, பிள்ளை."

"அப்ப என்ன வருத்தம்?"

"வருத்தம் ஒண்டுமில்லை. முதல் நாள் கடல் குழம்பிக் கிடந்தது, போட் ஓடேல்லை. மற்ற ரெண்டு நாளும் போட் ஓடினது. அவள்தான் எழும்பேல்லை."

"அதை எப்பிடி அக்கா எழுதுறது? காய்ச்சல் எண்டு போட்டால் ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்."

"கேட்டால் கேக்கட்டும். எழும்பேல்லை எண்டுதானே நடந்தது."

அப்படியே எழுதிக் கொடுத்தேன். 'மற்றைய இரண்டு நாட்களும் மகள் நித்திரைவிட்டு எழும்பவில்லை.' ஆசிரியை சிரித்தாரா, ஏசினாரா தெரியாது. சங்கவி வெட்கத்தில் இரண்டு கிழமை என் கடைப்பக்கம் பார்க்காமல் போய் வந்தாள்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். உயரமான, மெலிந்த ஆள். கருவாடு காயப்போட்டும் பனங்கிழங்கை ஒடியலாகக் காயவைத்து விற்றும் மகளை வளர்த்தவர். படகில் உப்புத்தண்ணீர் அடிக்கும் என்று, பிளாஸ்ரிக் பைக்குள் இன்னொரு பை, அதற்குள் இன்னொன்று என்று வைத்து, பத்திரங்களைக் கொண்டுவருவார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. சண்டை பிடிக்கிற ஆளாக இருந்தால் நானும் நாலு பேச்சுப் பேசி ஆறியிருப்பேன். அவர் சும்மா இருந்துவிடுவார். எரிச்சல் முழுக்க எனக்குள்ளேயே நிற்கும்.

ஒருநாள் கனடாவிலிருந்து என் மச்சாள் தொலைபேசி எடுத்தாள். எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் கதைப்பாள். கடையில் ஆறேழு பேர் நின்றார்கள். போனை அக்காவின் கையில் திணித்துவிட்டு, "நான் இல்லை எண்டு சொல்லுங்கோ" என்றேன். அக்கா அதைக் காதில் வைத்தார்.

"ஓம், நிக்கிறா. ஆனால் இப்ப கதைக்க விருப்பமில்லையாம்."

மச்சாள் அதற்குப் பிறகு ஆறு மாதம் என்னோடு கதைக்கவில்லை. அக்காவைக் கேட்டேன், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று. "இல்லை எண்டு சொல்ல வேணும் எண்டு முதலே சொல்லியிருந்தால் நான் போனை வாங்கியிருக்க மாட்டன்" என்றார். அதிலும் பிழை பிடிக்க முடியவில்லை.

இதெல்லாம் சிரிக்கிற கதைகள். தகரக் கதை அப்படியல்ல. ஒரு மாரியில் காற்று அடித்து எழுவைதீவில் கூரைகள் சில போயின. சேதமான வீடுகளுக்குத் தகரம் கொடுப்பதாக அறிவித்தார்கள். கிராம அலுவலரான விதானையார் வீடு வீடாகப் பதிந்துகொண்டு போனார். அவரோடு மேலிடத்து அதிகாரிகள் இரண்டு பேரும் போயிருந்தார்கள். அக்கா சமைக்கிற குசினியின் கூரையில் ஆள் நுழையுமளவு ஓட்டை. விதானையார் ஒன்றும் கேட்காமலே பெயரை எழுதிவிட்டார். அக்கா, "அது இந்தக் காத்துக்குப் போனதில்லை ஐயா. மாசி மாசமே போட்டுது" என்று சொல்லியிருக்கிறார். அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்தார்களாம். பிறகு பதிந்த வீடுகளுக்கெல்லாம் திரும்பிப் போய்த் துருவிக் கேட்டு, பழைய சேதம் என்று மூன்று வீட்டைப் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டார்கள்.

விதானையார் என் கடையில் வந்திருந்து தலையில் கைவைத்தார். "நான் அந்த மனிசியிட்ட ஒரு கேள்வியும் கேக்கேல்லை, பிள்ளை. ஒரு கேள்வியும் கேக்கேல்லை."

ஊரில் பலர் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்கள். நானும் கேட்டேன். "அந்த மூண்டு வீடும் பிள்ளைகுட்டிக்காரர் அக்கா. மழைக்கு என்ன செய்வினம்?"

"நான் என்ர வீட்டைத்தானே சொன்னனான்" என்றார். பிறகு, "எனக்கும் ஒழுகுதுதானே, பிள்ளை" என்றார்.

இந்த மனிசியோடு ஒரே தீவில் குடியிருக்கவில்லை என்று அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது.

சங்கவிக்கு உயர்தரப் பெறுபேறு வந்தது. உயிரியல் பிரிவு. மருத்துவத்துக்குக் காணாது, ஆனால் விஞ்ஞானப் பாடநெறி ஏதாவது ஒன்று கட்டாயம் கிடைக்கும். எழுவைதீவிலிருந்து அப்படி ஒரு பெறுபேறு எடுப்பது சின்ன விஷயமல்ல. மாரிக்காற்றில் படகில் நனைந்து வந்து, ஈர உடுப்போடு வகுப்பில் இருந்து படித்த பிள்ளை.

அவளுக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று பொது விண்ணப்பம். பல பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்து இணையத்தில் ஒரேயொரு விண்ணப்பம் நிரப்ப வேண்டும். விருப்ப ஒழுங்கில் எத்தனையோ பாடநெறிகளைப் போடலாம். ஒன்று தவறினால் அடுத்தது. மற்றது, எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் போகவேண்டிய ஓர் ஊரிலுள்ள பல்கலைக்கழகம், கடல்வளப் பாடநெறி ஒன்றுக்குத் தானே தனியாகக் கேட்டிருந்த கடதாசி விண்ணப்பம். ஒரே பாடநெறி, கொஞ்ச இடம், ஒரு பரீட்சை, பிறகு நேர்முகம். அதன் கடைசிப் பக்கத்தில், 'இவ்வாண்டு பொது விண்ணப்பத்தின் வழியாக நான் விண்ணப்பிக்கவில்லை' என்று ஓர் உறுதிமொழி இருந்தது. அதை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. என் கடைக்கு வந்த பிள்ளைகளில் கடல்வளம் கேட்டவர்கள் எல்லோரும் இரண்டையும்தான் போட்டார்கள்.

எனக்கு விண்ணப்பம் என்றால் வேறு மாதிரி. நான் உயர்தரம் சித்தியடைந்த வருடம் யுத்தத்தால் பாதை பூட்டிக் கிடந்தது. நான் நிரப்பி அனுப்பிய விண்ணப்பம் தபால் பைக்குள்ளேயே கிடந்து திகதி கடந்துபோனது. அடுத்த வருடம் அப்பா படுக்கையில். பிறகு கலியாணம், கடை. அதனாலோ என்னவோ, ஒரு பிள்ளையின் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது என்று திரையில் பச்சை எழுத்து வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அன்றைக்குக் காலைப் படகில் தாயும் மகளும் வந்தார்கள். பொது விண்ணப்பத்தைத் திறந்தேன். சங்கவிக்கு யாழ்ப்பாணத்தில் உயிரியல் படிக்க விருப்பம். அதை முதலாவதாகப் போட்டோம். "கடல்வளம் வேண்டாம் அன்ரி. கடலைப் பாத்துப் பாத்து அலுத்துப்போனன்" என்றாள். நாங்கள் இருவரும் சிரித்தோம். பெயர், முகவரி, பாடசாலை எல்லாம் சுகமாகப் போயிற்று. அடுத்த பக்கம் பெற்றோர் விபரம்.

தந்தை என்ற சொல்லுக்கு நேரே இரண்டு தெரிவுகள்தான் இருந்தன. உயிருடன் உள்ளார். காலமானார். இரண்டில் ஒன்றை அமத்தாமல் அடுத்த பக்கம் போகாது.

யுத்த காலத்தில், சங்கவி பிறந்து எட்டு மாதத்தில், அக்காவின் புருசன் வலைக்கு நூல் வாங்க ஊர்காவற்றுறைக்கு வந்தவர். திரும்பிப் போகவில்லை. அவ்வளவுதான் எல்லோருக்கும் தெரியும். அக்கா பையைப் பிரித்து ஒரு சான்றிதழை எடுத்து என் முன் வைத்தார். ஆளைக் காணவில்லை என்று அரசாங்கம் கொடுத்த சான்றிதழ். அதை எங்கே போடுவது? அந்தத் திரையில் அதற்கு இடமே இல்லை.

உதவி இலக்கத்துக்கு எடுத்து, அவர்களும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன். ஒரு பெண்பிள்ளை பொறுமையாகத்தான் பதில் சொன்னாள். "இப்பிடிக் கனபேர் கேக்கினம் அக்கா. காலமானார் எண்டு போட்டு அனுப்புங்கோ. அதை ஒருத்தரும் பாக்கிறேல்லை."

போனை வைத்ததும் அக்கா கேட்டார். "பாக்காட்டி ஏன் கேக்கினம்?"

"அக்கா, இது உங்கட மனதில இருக்கிறதை மாத்துறேல்லை. கொம்பியூட்டருக்கு ஒரு பதில் வேணும். அவ்வளவுதான்."

"செத்தவர் எண்டு எனக்குத் தெரியாதே."

"அப்ப உயிரோட எண்டு போடுவம். நீங்கள் நம்பிக்கொண்டுதானே இருக்கிறியள்?"

"நம்பிறனோ எண்டு அது கேக்கேல்லையே. உயிரோட இருக்கிறாரோ எண்டு கேக்குது. அதுவும் எனக்குத் தெரியாது."

புருசன் வருவார் என்று காத்திருக்கிற பெண்களை எனக்குத் தெரியும். படத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் இருந்து போராடுகிறவர்களையும் தெரியும். மரணப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு திவசம் செய்கிறவர்களையும் தெரியும். எல்லோருக்கும் ஏதோ ஒரு பக்கம் இருந்தது. இந்த அக்கா பதினெட்டு வருடமாக எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நிற்கிறார் என்பதை அப்போதுதான் விளங்கிக்கொண்டேன். விளங்கியதால் எரிச்சல் குறையவில்லை. மகளின் முழு வாழ்க்கையும் ஒரு சின்ன வட்டத்துக்குள் புள்ளி வைப்பதில் நின்றது.

"உங்களுக்கு என்னதான் அக்கா பயம்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு சொன்னார்.

"அவரைக் காணேல்லை எண்டு முறைப்பாடு குடுக்கப் போனனான். என்ன சேட்டுப் போட்டிருந்தவர் எண்டு கேட்டவை. எனக்குத் தெரியாது. நான் குசினிக்குள்ள நிண்டனான். போட்டு வாறன் எண்டார். ஓம் எண்டனான். திரும்பிப் பாக்கேல்லை. அதைச் சொன்னன். எழுதினவர், எல்லாரும் சொல்லுகினம் நீரும் சொல்லும் எண்டுபோட்டு, தானே நீலச் சேட்டு எண்டு எழுதினார். நான் வெட்டச் சொன்னனான். வெட்டும்வரைக்கும் கையெழுத்து வைக்கேல்லை. அவருக்கு நல்ல கோவம்."

"ஏன் அக்கா? ஒரு சேட்டுத்தானே."

"நீலச் சேட்டு எண்டு எழுதிவைச்சுத் தேடினால் நீலச் சேட்டுப் போட்ட ஒராளைத்தானே தேடுவினம், பிள்ளை. அவரைத் தேட மாட்டினமே."

சங்கவி முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். அவளும் இதை முதல்தடவையாகக் கேட்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் நீலச் சேட்டுக்கும் அந்தத் திரைக்கும் சம்பந்தமில்லை. கடைசித் திகதி அப்படியே இருந்தது.

"மற்ற விண்ணப்பத்தை எடும் பாப்பம்" என்றார் அக்கா. பிறின்ற் எடுத்து வைத்திருந்த கடதாசி விண்ணப்பத்தைக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு போய் ஓரிடத்தில் நின்றார். 'தந்தை பற்றிய விபரம்' என்று போட்டு, கீழே இரண்டு வரிக்குப் புள்ளிக்கோடு. வேறொன்றும் இல்லை. என் பேனையை வாங்கி, குண்டுக் குண்டு எழுத்தில் எழுதினார். 'காணவில்லை. உயிருடன் உள்ளாரா எனத் தெரியாது.'

"இதையே அனுப்புவம்" என்றார். "இதில இடம் இருக்கு."

"அக்கா, அது ஒரேயொரு பாடநெறி! அவளுக்கு விருப்பமில்லாதது. கிடைக்காட்டி என்ன செய்வியள்?"

"கிடைக்குதோ பாப்பம்."

பள்ளிக்கூட அதிபரின் கையொப்பம் எடுக்க வேண்டியிருந்ததால் அடுத்த கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் பின்னேரப் படகுக்குப் போனார்கள். அன்றைக்கு நான் வேறு ஒருவருக்கும் ஒழுங்காக வேலை செய்து கொடுக்கவில்லை.

பொது விண்ணப்பத்துக்குக் கடைசி நாளுக்கு முதல்நாள் சங்கவி தனியே வந்தாள்.

"அன்ரி, போடுவம்."

"அம்மாக்குத் தெரியுமோ?"

"தெரியாது." கதிரையைத் திரைப் பக்கம் இழுத்தாள். "எனக்கு அம்மாவில கோவம் இல்லை அன்ரி. எண்டாலும் அவவுக்குத் தெரியாததுக்கு நான் என்ர படிப்பைக் குடுக்க ஏலாது."

அவளைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டுமா? இன்றைக்கும் தெரியாது. அன்றைக்கு எனக்குச் சந்தோசமாகவே இருந்தது. கதவைச் சாத்தாக்குறையாக இருவரும் திரைக்கு முன் குந்தினோம். அந்தப் பக்கம் வந்ததும் சங்கவி கையை எடுத்துக்கொண்டாள்.

"நீங்கள் அமத்துங்கோ அன்ரி. எனக்கு அவற்ர முகமும் தெரியாது. எண்டாலும் என்னால ஏலாது."

நான் அமத்தினேன். காலமானார். கொம்பியூட்டர் ஒரு மறுப்பும் சொல்லாமல் அடுத்த பக்கம் போயிற்று. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது என்று பச்சை எழுத்து வந்தது. வழமையாக அதைக் காணும்போது வருகிற நிம்மதி அன்றைக்கு வரவில்லை.

அடுத்த கிழமை, அதிபர் கையொப்பமிட்ட கடதாசி விண்ணப்பத்தோடு தாயும் மகளும் வந்தார்கள். இனிச் சங்கவி கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டியதுதான். அக்கா வழமைபோல உறுதிமொழியைச் சத்தமாக வாசித்தார். 'இவ்வாண்டு பொது விண்ணப்பத்தின் வழியாக நான் விண்ணப்பிக்கவில்லை.' சங்கவி பேனையைக் கடதாசியில் வைத்தாள். பேனை அசையவில்லை. வை, வை என்று நான் கண்ணால் சொன்னேன். என்னைப் பார்க்காமலே அவள் பேனையைக் கீழே வைத்தாள்.

"அம்மா, நான் மற்றதையும் போட்டிட்டன்."

அக்கா கடதாசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்பாக்கு என்ன போட்டனி?"

"காலமானார் எண்டு."

"நீ போட்டனியோ?"

"நான்தான் அமத்தினது அக்கா" என்றேன்.

ஏசுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஏசவில்லை. "அதைத் திருத்த ஏலுமோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஏலாது. கடிதந்தான் போடவேணும்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"அப்ப ஒரு கடிதம் எழுதும்."

"மாட்டன்."

அந்தக் கடையில் ஒருவருக்கு நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல்தடவை. பிறகு என்னென்னவோ சொன்னேன். தகரக் கதையைச் சொன்னேன். தபால் பைக்குள் கிடந்து நாளான என் விண்ணப்பத்தைச் சொன்னேன். அன்றைக்கு ஒரு பொய் எழுதினால் அது போய்ச் சேரும் என்றிருந்தால் நூறு பொய் எழுதியிருப்பேன் என்று சொன்னேன். கடைக்கு வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். அக்கா முழுவதையும் கேட்டார்.

"உமக்கு நடந்தது பெரிய அநியாயம், பிள்ளை" என்றார். எழும்பிப் போனார்.

அரை மணித்தியாலத்தில் தபால் கந்தோரிலிருந்து திரும்பி வந்தார். கொப்பி எடுக்காமல் ஒரு கடதாசியையும் அவர் தபாலில் போடுவதில்லை. தானே எழுதிய கடிதத்தைக் கொப்பி அடிக்க என்னிடமே நீட்டினார். நாலு வரி. 'எனது மகளின் விண்ணப்பத்தில் தந்தை காலமானார் எனப் போடப்பட்டுள்ளது. அது பிழை. அவர் பற்றி எங்களுக்குத் தெரியாது. காணாமற்போனமைக்கான சான்றிதழ் இணைத்துள்ளேன்.' யார் போட்டது என்று அதில் இல்லை. நான் அதைப் பார்ப்பதைக் கண்டு, "ஆர் போட்டது எண்டு அவை கேக்கேல்லைத்தானே" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு கொப்பி அடித்துக் கொடுத்தேன்.

கடதாசி விண்ணப்பத்தின் உறுதிமொழியைக் குறுக்கே வெட்டி, பொது விண்ணப்பமும் போடப்பட்டது என்று பக்கத்தில் எழுதித்தான் அவர் அனுப்ப விட்டார். இரண்டு கிழமையில் அது அப்படியே திரும்பி வந்தது. பொது விண்ணப்பம், விளக்கம் சரிபார்க்கப்படும்வரை நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதாக ஓர் அறிவித்தல் வந்தது. பிறகு இன்னொரு பத்திரம் கேட்டார்கள். அதை அனுப்பினோம். பட்டியல் வந்தபோது சங்கவியின் பெயர் இல்லை. இரண்டாம் பட்டியலிலும் இல்லை. இரண்டு விண்ணப்பம் போட்ட மற்றப் பிள்ளைகள் பைகளைக் கட்டிக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கு அக்கா கடைக்கு வந்தபோது நான் முகத்துக்கு நேரே சொன்னேன். "இனி என்ர கடைக்கு வராதேங்கோ அக்கா. எனக்கு ஏலாது."

"சரி பிள்ளை" என்றார். சொன்னபடியே வரவில்லை. ஒரு போட்டோக்கொப்பிக்காக ஊர்காவற்றுறையில் இறங்கி, என் கடையைத் தாண்டி, பஸ் ஏறி வேலணைக்குப் போய் வந்தார். காலையில் அவர் கடையைக் கடந்து போகும்போது நான் திரைக்குள் முகத்தை வைத்துக்கொள்வேன். கூப்பிடுவோமா என்று பலமுறை நினைத்தேன். சங்கவியின் முகம் நினைவுக்கு வரும், கூப்பிடமாட்டேன்.

சங்கவி எழுவைதீவில் முன்பள்ளியில் படிப்பிக்கப் போனாள். தாயோடு இரண்டு மாதம் பேசவில்லை என்று அவளே பிறகு சொன்னாள். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு இரண்டு மாதம்.

அடுத்த வருடம் அவளுக்குப் பொது விண்ணப்பம் இல்லை. அந்தந்த வருடப் பெறுபேற்றுக்குத்தான் அது. தனி விண்ணப்பம் மட்டும் முந்தைய வருடப் பெறுபேற்றையும் ஏற்றது. தெரிவு செய்ய ஒன்றும் மிச்சமில்லை. வேண்டாம் என்று சிரித்த அந்தக் கடல்வளந்தான் கிடந்தது. சங்கவி என் கடையில் இருந்து, தன் கையால் நிரப்பினாள். புள்ளிக்கோட்டில், 'தெரியாது' என்று ஒரு சொல் எழுதினாள்.

"அம்மா சொல்லிவிட்டவவோ?" என்று கேட்டேன்.

"இல்லை அன்ரி. எனக்கும் தெரியாதுதானே."

பரீட்சை எழுதினாள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கே ஒருவர் அந்த வரியைப் படித்து, தலையை ஒருதரம் ஆட்டிவிட்டு, கடலட்டை வளர்ப்பைப் பற்றிக் கேட்டாராம். வந்து சொன்னபோது சங்கவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையின் ஒரு வருடத்தைத் தின்ற கேள்விக்கு அங்கே ஒரு தலையாட்டல்தான்.

அனுமதிக் கடிதம் வந்த கிழமை அக்கா என் கடை வாசலில் வந்து நின்றார். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. தலை நன்றாக நரைத்திருந்தது. "உள்ளுக்கு வரலாமோ?" என்று கேட்டார். கதிரையை இழுத்துப் போட்டேன். விடுதிப் பத்திரம், மருத்துவப் பத்திரம் என்று ஒரு கட்டு வைத்திருந்தார். மகளோடு தானும் போகப்போவதாகவும், அந்த ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை சொல்லியிருப்பதாகவும் சொன்னார். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. எழுவைதீவு வீடு பூட்டிக் கிடப்பதாகச் சொல்கிறார்கள்.

அன்றைக்குக் கொப்பி எல்லாம் அடித்து முடித்துக் கட்டிக் கொடுக்கும்போது என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, ஒண்டு கேக்கட்டோ? அந்த ஒரு சொல்லுக்கு அவளின்ர ஒரு வருசம் பெறுமதியோ?"

அவர் வழமைபோல யோசித்துத்தான் பதில் சொன்னார். "இல்லை, பிள்ளை. ஒரு வருசம் பெரிசு. அவளுக்கு நான் செய்தது பெரிய பிழை. அவளிட்ட அதைச் சொல்லி மன்னிப்பும் கேட்டனான்."

இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு வருடமாக நெஞ்சுக்குள் கட்டியாக இருந்தது இளகத் தொடங்கியது. "அப்ப, இன்னொருக்கா இப்பிடி ஒண்டு வந்தால்?" என்று கேட்டேன். வேறு பதில் வரும் என்ற நம்பிக்கையோடுதான் கேட்டேன்.

"இன்னொருக்கா வந்தாலும் கடிதம் போடுவன்" என்றார் அக்கா. "நான் என்ன செய்ய, பிள்ளை?"

பையைப் பைக்குள் வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டு இறங்குதுறைப் பக்கம் நடந்து போனார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபந்தான்.